கீழேயிருந்து நிரப்பிய படிவம்

எங்கள் தெருமுனையில் பாலிசியம்மாவின் குடை தெரிந்தால் போதும், மூன்று கதவுகள் சாத்திக்கொள்ளும். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்துக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொள்வார். எதிர்வீட்டு வாத்தியார் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கம் யாருமே இல்லாமல், "ஆமா, ஆமா" என்று பேச ஆரம்பிப்பார். ஒருநாள் அவர் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த போன் மணி அடித்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "பேசுங்க சார், நான் அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுப் படியேறினாள்.

என் வீட்டு மாடியறையில் பதினொரு வருடம் குடியிருந்தவள் அவள். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட். எனக்கு எழுத்து தெரியாது. விடுமுறைக்கு வந்த பேத்தி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். தேதி, கிழமையெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். ஆனால் அவளைப் பற்றி யாராவது ஒருவர் முழுதாகச் சொல்லியாக வேண்டும். தெருவில் சொல்வது பாதிதான். அந்தப் பாதி பொய்யில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு மேசை, சுவரோரம் யாரும் வாங்கிக்கொள்ளாத கம்பெனி நாட்காட்டிகள் கட்டுக்கட்டாக. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு கண்ணாடிக் கேடயத்தை முட்டுக் கொடுத்திருந்தாள். ஏதோ ஒரு வருடம் கிளையிலேயே அதிகம் விற்றவள் என்று கொடுத்த கேடயமாம். "நல்ல கனம் பெரியம்மா. இதுக்குத்தான் உதவுது" என்பாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் வேலைக்கு என்று வெளியூர் போன புருஷன், போன இடத்திலேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். குழந்தை இல்லை. துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அங்கே துணி எடுக்க வந்த ஒரு மேனேஜர், இவள் வாடிக்கையாளர்களிடம் பேசும் விதத்தைப் பார்த்து, "இந்த வாய் இங்க வீணாப் போகுதே" என்று சொல்லித் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார். வகுப்பில் முதல்நாள் ஒரு நோட்டைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுங்கள் என்றார்களாம். யார் பெயர் முதலில் வரும்? சொந்தக்காரர்கள் பெயர்தான். அவர்களிடம்தான் முதலில் போனாள். அவர்களைத்தான் முதலில் இழந்தாள்.

அவளுடைய அண்ணன் கதை அப்படி. தங்கை சொன்னாள் என்று இருபது வருடத் திட்டம் ஒன்றில் சேர்ந்தார். இரண்டு வருடம் கட்டினார். மூன்றாம் வருடம் அவருடைய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கட்டியதைத் திருப்பிக் கேட்டபோது பாதிகூடக் கைக்கு வரவில்லை. இடையில் எடுத்தால் அப்படித்தான் என்று பத்திரத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததாம். அதன்பிறகு அந்த வீட்டு வாசலில் இவள் நின்றால் குழந்தைகள் வந்து, "அப்பா இல்ல" என்று சொல்வார்கள். உள்ளே அப்பா இருமுவது கேட்கும்.

இப்படி நூறு பேரும் ஒவ்வொருவராக விலகிப் போய், சாயங்காலம் வந்து உட்கார அவளுக்கு மிஞ்சியது என் அடுப்படி ஒன்றுதான். அதற்குக் காரணம் என் நல்ல குணம் இல்லை. நான் அவளிடம் எதையும் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

குடிவந்த முதல் மாதமே ஃபைலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"நான் படிக்க முடியாத காகிதத்துல கை வைக்க மாட்டேன்மா" என்றேன்.

"நான் படிச்சுச் சொல்றேன் பெரியம்மா."

"படிக்கறது உன் வாய். கை என்னுது."

 பிறகு ஃபைலை மூடித் தரையில் வைத்துவிட்டு, "டீ இருக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஃபைல் எப்போதும் தரையில், அவள் முக்காலியில்.

கமிஷன் என்றால் என்ன என்று அவள்தான் எனக்கு விளங்க வைத்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பல்லை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"ஒருத்தர் முதல் வருஷம் கட்டற பணம் இதுன்னு வைங்க. நீண்டகால சேமிப்புத் திட்டம்னா, இதுல எனக்கு இவ்வளவு." மூன்று பல்லைத் தன் பக்கம் இழுத்தாள். நான்காவதை நகத்தால் இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியையும் இழுத்தாள். "அடுத்த வருஷத்திலேருந்து கால் பல், அரைப் பல்னு வரும். அவங்க கட்டற வரைக்கும் வரும்."

"வேற என்னல்லாம் இருக்கு?"

"செத்தா மட்டும் குடும்பத்துக்குப் பணம் வர்ற மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்கு அவங்க கட்டறதே ஒரு பல்லுதான். அதுல எனக்கு என்ன வந்துடும்?"

"பேங்குல போட்டுட்டு வட்டி வாங்கினா?"

பத்துப் பல்லையும் என் பக்கம் தள்ளினாள். "அதுல எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்போ வர்றவங்களுக்கு எதைச் சொல்லுவே?"

"அவங்களுக்கு எது நல்லதோ அதை."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு பேங்கு நல்லதுன்னு சொல்லியிருக்கே?"

அவள் பூண்டுத் தோலை உள்ளங்கையில் கூட்டி அள்ளினாள். "நீங்க பள்ளிக்கூடம் போகாதது நல்லதாப் போச்சு பெரியம்மா."

"ஏன்?"

"போயிருந்தா எங்க ஆபீஸுக்கு ஆடிட்டரா வந்திருப்பீங்க."

அவள் ஏமாற்றுக்காரி இல்லை. இதைத் தெருவில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சொன்னதையே ஒருநாளைக்கு நாற்பது தடவை சொன்னால் அது சொல்கிறவர் வாயிலேயே உண்மையாகிவிடுகிறது. அந்தத் திட்டத்தையே தன் பெயரிலும் நான்கு வாங்கி வைத்திருந்தாள். வருடக் கடைசியில் இலக்குக்குக் குறையும்போது, தன் பெயரிலேயே ஒன்று போட்டு ஈடுகட்டுவாளாம். அடுத்த வருடம் கட்டப் பணம் இருக்காது, போட்டது போய்விடும். நான்கில் மூன்று அப்படிப் போயிருந்தது. விற்கிறவளே தன் சரக்கில் ஏமாந்ததை அந்தத் தொழிலில்தான் பார்க்க முடியும்.

இப்போது ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைத் திருப்பிப் படுக்க வைத்தவள் அந்த வார்டு ஆயா. என்னைவிடச் சின்னவள். தனிக்கட்டை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருந்தாள். எனக்கு நடை வந்த பிறகும் மாதம் ஒருமுறை வந்து என் இடுப்பை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் ஓய்வு பெற்று மொத்தமாக ஒரு தொகை வந்தபோது, "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச ஆள் யாரும் இல்லக்கா. இதை எங்க வைக்கறதுன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?" என்று என்னிடம்தான் கேட்டாள். "என் மாடியில ஒருத்தி இருக்கா" என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். பாலிசியம்மாவுக்கும் ஒரு வேலை ஆகட்டும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அதை மறைக்கவில்லை.

கம்பெனியில் கணக்கு வருடம் முடிய அப்போது ஒரு வாரம்கூட இல்லை. முந்தின வருடமும் பாலிசியம்மா இலக்கைத் தொடவில்லை. இந்த வருடமும் தொடாவிட்டால் ஏஜென்சியையே எடுத்துவிடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. சின்னச் சின்னதாக எத்தனை போட்டாலும் எட்டாது, பெரிதாக ஒன்று வந்தால்தான் உண்டு என்று அவளே சொல்லியிருந்தாள்.

ஒரு மதியம் ஆயா வந்தாள். மாத்திரை போட்டுக் கொடுக்கும் கவருக்குள் காசோலையை மடித்து வைத்திருந்தாள். அதை என் அடுப்படி மேசைமேல் பாலிசியம்மாவுக்கு எதிரே வைத்தாள்.

"நான் முப்பத்திரண்டு வருஷம் கழுவின பெட்பேன் எல்லாம் இதுக்குள்ள இருக்கு கண்ணு. பத்திரமா ஒரு இடத்துல வை."

பாலிசியம்மாவின் குரல் மாறியது. மாடியிலிருந்து இறங்கி வருகிறவளின் குரல் அது இல்லை. ஃபைலைத் திறக்கிறவளின் குரல். "பதினஞ்சு வருஷத்துல இது ரெண்டு மடங்காகும்மா" என்றாள்.

"பதினஞ்சு வருஷமா? நான் இருந்தா வந்து வாங்கிக்கறேன்."

"நீங்க இல்லாட்டியும் உங்க வாரிசுக்கு வரும்மா."

"எங்க வார்டு ஏழாம் நம்பர் கட்டில்தான் எனக்கு வாரிசு" என்று ஆயா சிரித்தாள். பாலிசியம்மாவும் சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். பேனா நேராகக் காகிதத்தின் அடிப்பாகத்துக்குப் போனது.

எனக்கு எழுத்துதான் தெரியாது. கண் தெரியும். இத்தனை வருடத்தில் அந்த மேசையில் எத்தனையோ பேருக்கு அவள் படிவம் நிரப்பியிருக்கிறாள். எப்போதும் அடியில் இருக்கும் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு, பிறகு மேலே ஏறிப் போவாள். காகிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் போல என்று நினைத்திருந்தேன். ஆயா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, தலைகீழா எழுதறே? எங்க ஆஸ்பத்திரிச் சீட்டுல முதல்ல பேரு, வயசு, எங்க வலிக்குதுன்னு எழுதுவாங்க. மருந்து கடைசியிலதான் வரும்."

சும்மாதான் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு உள்ளர்த்தமும் இல்லை. ஆனால் பாலிசியம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"அடியில என்ன கேட்டிருக்கு?" என்றேன்.

"எந்தத் திட்டம்னு எழுதணும் பெரியம்மா."

"மேல?"

"வயசு என்ன, எத்தனை பேர் இவங்கள நம்பி இருக்காங்க, பணம் எப்போ தேவைப்படும்... அதெல்லாம் கேள்வி."

"கேள்விய விட்டுட்டு முதல்ல பதிலை எழுதறியா?"

"பழக்கம் பெரியம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்வோம். திட்டத்தை எழுதிட்டா, மேல இருக்கறது அதுக்குத் தகுந்த மாதிரி தானா வந்துடும்."

"மேலேருந்து எழுது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா மேலேருந்தே எழுதேன்."

என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். வேறு ஒரு படிவம் எடுத்தாள். பெயர் எழுதினாள். வயது எழுதினாள். யாரும் இவளை நம்பி இல்லை என்று எழுதினாள். பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டாள்.

"இந்தப் பணம் உங்களுக்கு எப்போ தேவைப்படும்மா?"

"அடுத்த வருஷம்" என்றாள் ஆயா. "குடியிருப்பைக் காலி பண்ண ஒரு வருஷம்தான் டைம் கொடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் பின்னாடி சின்னச் சின்ன ரூமாக் கட்டி விக்கறாங்க. ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். கட்டி முடிச்சதும் முழுப் பணத்தையும் கொடுத்தாத்தான் சாவி."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பணத்தைப் பதினைந்து வருடப் பூட்டுக்குள் வைத்தால் அடுத்த வருடம் ஆயா எங்கே படுப்பாள்?

"அண்ணனுக்கு ஆன மாதிரி ஆகுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது.

பாலிசியம்மா ஃபைலை மூடினாள். "ஃபாரம் கெட்டுப்போச்சு. வேற கொண்டு வரேன்மா" என்று ஆயாவைப் பார்க்காமலே சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மேனேஜரே வந்துவிட்டார். வழுக்கைத் தலை, நல்ல வாசனை. என் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு ஒரு நாட்காட்டி கொடுத்தார்.

"பாட்டிம்மா, மேடம் எங்க கிளையோட ஸ்டார். தெரியுமா உங்களுக்கு?"

"நட்சத்திரம் பகல்ல தெரியாது தம்பி. அவளுக்குக் காய்ச்சல், படுத்திருக்கா."

காய்ச்சலெல்லாம் இல்லை. வந்தது யார் என்று தெரிந்ததும் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. அவர் எழுந்து போய் மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு மேல்நோக்கிப் பேசினார்.

"மேடம், நாளைக்கு அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிடும். திங்கட்கிழமை மீட்டிங்ல ஒரு பெரிய கேஸ் இருக்குன்னு கையைத் தூக்கினீங்க. எல்லாரும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

வாங்காத பாலிசிக்கு முன்கூட்டியே கைதட்டி வைப்பது அவர்கள் அலுவலகப் பழக்கம். தட்டிவிட்டால் பின்வாங்குவது கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும்.

"தம்பி, படிக்கட்டோட என்ன பேச்சு? அது ஒண்ணும் வாங்காது" என்றேன். அவர் என்னைப் பார்த்து நன்றாகவே சிரித்துவிட்டுப் போனார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒரு படிக்கட்டு, அதன் மேலே ஒரு ஆள்.

அவர் வண்டி போன சத்தம் கேட்ட பிறகு அவள் இறங்கி வந்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"போட்டா ஏஜென்சி தங்கும் பெரியம்மா. போடலன்னா போயிடும். அதோட பழைய பாலிசியிலேருந்து வருஷா வருஷம் வர்ற கால் பல்லு, அரைப் பல்லும் நின்னுடும். எங்க கம்பெனி விதி அப்படி. நான் சாப்பிடறது அதுலதான். உங்க வாடகை வர்றதும் அதுலதான்."

"என் வாடகைய இதுல இழுக்காதே."

"இழுக்கல. சொல்றேன்."

"ஆயாவ நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"தெரியும்."

"அவ தெருவுல நின்னா, நீ இந்த அடுப்படிக்கு வரக் கூடாது."

சொல்லிவிட்டேன். ஊரில் அத்தனை கதவும் அவளுக்குச் சாத்தியாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றையும் சாத்துவேன் என்று சொன்னவள் நான்.  அவள் டீயைப் பாதி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மாடியறை பூட்டியிருந்தது.  ஒரு வாடகை வண்டியைப் பிடித்து ஆயாவின் குடியிருப்புக்குப் போனேன். அங்கேயும் பூட்டு. பக்கத்து அறையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், "குடை வெச்சிருந்த ஒரு அம்மா கூட பேங்குக்குப் போனாங்க" என்றாள். முடிந்தது கதை, பணத்தை எடுத்துப் பாலிசியில் கட்டத்தான் கூட்டிப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். வண்டிக்காரரிடம் "பேங்குக்கு விடுப்பா" என்றேன். இடுப்பு வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

உள்ளே நல்ல கூட்டம். ஓரத்து மேசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டை கட்டிய ஒரு சின்ன வயது அதிகாரி. நான் பின்னால் போய் நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"ஒரு வருஷ டெபாசிட்ல என்னம்மா பெரிசா வந்துடும்?" என்று அவன் ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "அதைவிட நல்ல ஸ்கீம் நம்ம பேங்குலயே இருக்கு. காப்பீடும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு." இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். அவன் பேனா நேராகக் காகிதத்தின் அடிக்குப் போனது.

பாலிசியம்மா அந்தப் பேனாவையே பார்த்தாள். அப்போது அவள் முகத்தைப் பக்கவாட்டில் நான் பார்த்தேன். கடைக் கண்ணாடியில் எதிர்பாராமல் தன்னையே பார்த்துவிட்ட ஆள் மாதிரி இருந்தாள்.

"தம்பி, மேலேருந்து எழுதுங்க" என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதான் மேடம்."

"ஒண்ணு இல்ல. அவங்களுக்குப் பணம் எப்போ வேணும்னு நீங்க இன்னும் கேட்கல."

அவன் நிமிர்ந்து அவளையும் அவள் காலடியில் இருந்த ஃபைலையும் பார்த்தான். "நீங்க எந்தக் கம்பெனி மேடம்?"

அவள் சொன்னாள்.

அவன் குரலை இறக்கிக்கொண்டான். "மேடம், இன்னைக்குக் கடைசி நாள். எனக்கு இன்னும் ரெண்டு போடணும். உங்களுக்குச் சொல்லணுமா?"

"சொல்ல வேணாம். எனக்கு இன்னும் ஒண்ணு போடணும்."

"அப்போ நீங்களே போட்டிருக்கலாமே?"

 ஆயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன கண்ணு, நீ அன்னைக்குக் காட்டின ஊசியத்தான் இந்தத் தம்பியும் காட்டுது?"

"ஆமாம்மா. ஊசி அதேதான். உங்க நோவுக்கு அது இல்ல. ஒரு வருஷ டெபாசிட் போடுங்க தம்பி."

அவள் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்துகொண்டே ஊர்ந்தது. மேனேஜராகத்தான் இருக்கும். அதைக் குப்புறப் போட்டாள். குப்புறக் கிடந்தும் அது ஊர்ந்தது. அந்தப் பையன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, எடுத்த படிவத்தை இழுப்பறைக்குள் வைத்து மூடினான். வேறு காகிதம் எடுத்தான். ஆயா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டுக் கொடுத்தான். ரசீது வந்தது. ஆயா அதை மாத்திரைக் கவருக்குள் மடித்து வைத்தாள்.

எழுந்து திரும்பியபோதுதான் பாலிசியம்மா என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்து நிற்கிறேன் என்று அவளுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது.  "வண்டி காத்திருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஐந்து மணிக்குக் கம்பெனியின் கதவு மூடியது. பத்து நாளில், ஏஜென்சியை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு அவள் அடுப்படிக்கு வரவில்லை. நான் சாத்துவேன் என்று சொன்ன கதவை அவளே சாத்திக்கொண்டாள் போலிருந்தது. சாயங்காலமானால் இரண்டு டம்ளர் டீ போடுவேன். ஒன்று ஆறிப்போகும். நல்லதுதான் செய்தாள், அப்புறமும் ஏன் வரவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நான் மிரட்டியதால் செய்தாளா, தானாகவே செய்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை. அவளை நம்பாமல் பின்னாலேயே வண்டி பிடித்துப் போனவளுக்கு அதைக் கேட்க என்ன வாய் இருக்கிறது?

ஒருநாள் பொறுக்க முடியாமல் மாடிப்படி ஏறினேன். இடுப்பு முறிந்த பிறகு முதல்முறை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு பெரியம்மா ஏறினீங்க? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

"வந்திருப்பியா?"

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். தானாகவே சொன்னாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏஜென்சி போயிடுச்சு, இனிமே எதையும் விக்க மாட்டேன்னு சொல்லலாம்னு. பையைக்கூட எடுத்துட்டுப் போகல. வெறுங்கையோட போய் வாசல்ல நின்னேன்."

"கதவைத் திறந்தாங்களா?"

"அண்ணி ஜன்னல் வழியாப் பார்த்தாங்க. உள்ள திரும்பிச் சொன்னது கேட்டுச்சு. 'இன்னைக்குப் பை கூட இல்லாம வந்து நிக்கறா. ரொம்பப் பெரிய திட்டமா இருக்கும்'னாங்க."

சிரித்துவிட்டேன். சத்தியமாக அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவளால் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் எனக்கு வராது. "டீ ஆறுது, வா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். என்னைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவள்தான் இறக்கினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் வேலை தேடினாள். துணிக்கடையில் வயதாகிவிட்டது என்றார்கள். ஒரு கம்பெனியில், "உங்களுக்குத் தெரிஞ்ச நூறு பேர்..." என்று ஆரம்பித்தார்களாம், எழுந்து வந்துவிட்டாள். வாடகையை நான் கேட்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் பாதியைக் கொண்டுவந்து வைத்தாள். இதற்கிடையில் ஆயாவின் அறை கட்டி முடிந்தது. வாங்கும் பத்திரத்தை இவள்தான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஆயாவுக்குப் படித்துச் சொன்னாள். சாவி வாங்கிய அன்று ஆயா அந்த ஒற்றை அறைக்குள் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தாள், நோயாளியின் முதுகைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

கடைசியில் தூரத்தில் ஒரு ஊரில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் வார்டன் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம்தான், தங்க இடம் உண்டு. நாட்காட்டிக் கட்டுகளைப் பழைய காகிதக்காரருக்குப் போட்டாள். குடையை எடுத்துக்கொண்டாள். அவள் பெட்டியோடு தெருவில் போனபோது, பழக்க தோஷத்தில் மூன்று கதவுகளும் சாத்திக்கொண்டன. வாத்தியார் மட்டும் போனை இறக்கிவிட்டு, "ஊருக்கா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றாள்.

வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். அறுபது பெண்கள் இருக்கிற விடுதி. ஒருத்திக்கும் இவளைப் பார்த்து ஓட வேண்டிய அவசியமில்லை. நின்று பேச வேண்டிய அவசியமும் இல்லை என்கிறாள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு கடைசி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். போன வாரம் பேசும்போது கேட்டாள்.

"மாடிக்கு ஆள் வந்தாச்சா பெரியம்மா?"

"இல்ல."

"ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்கன்னு ஆயாம்மா சொன்னாங்களே."

"ஒருத்தருக்கு ஜன்னல் சின்னதாம். இன்னொருத்திக்குப் படி செங்குத்தா இருக்காம்."

"வாடகையக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்க. உங்களுக்கும் கை செலவுக்கு வேணுமே."

"நீ உன் வேலையப் பாரு. சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"போய்ச் சாப்பிடு."

வைத்துவிட்டேன். வந்த இரண்டு பேருக்கும் அறை பிடித்துத்தான் இருந்தது. ஒருத்தர் முன்பணம்கூட எடுத்து நீட்டினார். மழை வந்தால் கட்டிலுக்கு நேர்மேலே ஒழுகும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.